காற்று வருகிறது, சூடு வரவில்லையே!

டெக்ஸாஸில் இருக்கும் ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "டிரெய்லரில் சாம்பார் வைத்தது, இட்லி அவித்தது எல்லாம் எழுதுகிறீர்கள். குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே? நாங்களும் பழைய டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். மலைப் பக்கம் போனபோது தெர்மோஸ்டாட்டை 70-ல் வைத்தும் ஜில்லென்ற காற்றுதான் வந்தது. இரண்டு குழந்தைகளையும் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். தெர்மோஸ்டாட் கெட்டுப்போயிருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார் என் கணவர். மாற்றலாமா?"

கொஞ்சம் பொறுங்கள், அம்மா. காசைக் கரியாக்க வேண்டாம். காற்று வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்ததால்தான் அந்தக் காற்றே வந்தது. பாவம், டிரெய்லரில் எது நடந்தாலும் பழி அதன் தலையில்தான் விழுகிறது. சுவரில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அது ஒன்றுதானே இருக்கிறது!

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராவல் டிரெய்லர் என்பது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாம் உண்டு. ஆனால் சுவரின் கனம் இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். வெளியே குளிர்ந்தால் உள்ளே ஒரு மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கிற தாய்மார்களும் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் போன் வந்தால் உதவும். எனக்கு வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்தில். "உங்கள் ஊரில் குளிரா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2023-ல் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட ஊர்தான் இது. ஆனால் காரில் ஏறி வடக்கே போனால், நாலு மணி நேரத்துக்குள் 7000 அடி உயரத்துக்குப் போய்விடலாம். ஃப்ளாக்ஸ்டாஃப் அந்த உயரம்தான், கிராண்ட் கான்யனின் தெற்குக் கரையும் அந்த உயரம்தான். அக்டோபர் ராத்திரியிலேயே தண்ணீர் உறைகிற குளிர் வந்துவிடும். (பருப்பும் அங்கே லேசில் வேகாது. 93 டிகிரி செல்சியஸிலேயே தண்ணீர் கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் மலையேறாதீர்கள்.)

இனி விஷயத்துக்கு வருவோம். டிரெய்லரைச் சூடாக்குகிற பெட்டிக்கு ஃபர்னஸ் என்று பெயர். கட்டிலுக்கு அடியிலோ, அலமாரிக்குக் கீழேயோ ஒளித்து வைத்திருப்பார்கள். அதற்கு மூன்று சாப்பாடு வேண்டும். எரிய கேஸ், விசிறியைச் சுற்ற பாட்டரியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம், தாராளமான காற்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேலை செய்யாது. தெர்மோஸ்டாட் வெறும் எஜமானி. "அறை குளிர்ந்துவிட்டது, அடுப்பை மூட்டு" என்று சொல்வதும், "போதும், அணை" என்று சொல்வதும்தான் அதன் வேலை.

எது குறைகிறது என்று கண்டுபிடிக்க நமக்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். நான் ப்ளஸ் டூ வரைதான். குக்கர் விசிலை எண்ணியே அரிசி வெந்ததா, பருப்பு வெந்ததா என்று சொல்கிறவர்கள் நாம். கடுகு வெடிக்கிற சத்தத்தை வைத்து எண்ணெய் காய்ந்ததைத் தெரிந்துகொள்கிறோம். அதே காதுதான் இங்கேயும் வேண்டும்.

நல்ல நிலையில் இருக்கிற ஃபர்னஸ் இப்படிப் பேசும். தெர்மோஸ்டாட்டை ஏற்றியதும் மெல்லிய 'டிக்'. சில விநாடிகளில் விசிறி 'உஸ்ஸ்' என்று கிளம்பும். கால் நிமிஷம் போல வெறும் காற்றுதான் வரும். உள்ளே தங்கியிருக்கிற கேஸை வெளியேற்றுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பிறகு நம் கேஸ் லைட்டர் மாதிரியே 'டிக் டிக் டிக்'. உடனே 'புஃப்' என்று அடுப்பு பற்றிக்கொள்ளும். ஒரு நிமிஷத்தில் துவாரங்களில் வெதுவெதுப்பு வரும். பற்றவில்லையென்றால் அதுவே மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, கேஸை அடைத்துக்கொண்டு ஓய்ந்துவிடும். தெர்மோஸ்டாட்டை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டுப் போட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டிரெய்லர் வாங்கியவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கும்போதே இதை நாலு தடவை போட்டுக் கேட்டு வையுங்கள். நல்ல சத்தம் தெரிந்தால்தான் கெட்ட சத்தம் புரியும்.

இனி, சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு சத்தமுமே இல்லையா? அப்போதுதான் தெர்மோஸ்டாட்டின் பக்கம் போக வேண்டும். அதற்கு முன்பும் மூன்று இடம் இருக்கிறது. டிரெய்லரின் பாட்டரியைத் துண்டிக்கிற ஸ்விட்ச் ஒன்று வாசலருகே இருக்கும், குழந்தைகள் கை பட்டு அணைந்திருக்கலாம். ஃபியூஸ் பெட்டியில் ஃபர்னஸ் என்று எழுதியிருக்கிற ஃபியூஸ் போயிருக்கலாம். அதே அளவு ஃபியூஸைத்தான் போட வேண்டும், பெரியதைப் போட்டால் ஒயர் எரியும். மூன்றாவது, ஏஸி, ஃபர்னஸ் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தெர்மோஸ்டாட் இருந்தால், அது ஏஸியில் நிற்கிறதா, ஃபர்னஸில் நிற்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் கேஸ் சூடு, மின்சாரச் சூடு என்று இரண்டு வழி உண்டு. மின்சார வழி என்பது கூரை மேலிருக்கிற ஏஸியையே திருப்பி ஓட்டுவது. வெளியே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அதற்குச் சத்து போதாது.

உங்கள் கேஸ் இரண்டாவது வகை. விசிறி ஓடுகிறது, 'டிக் டிக்' வரவில்லை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராத்திரியில் பெண்களை அழ வைப்பது பெரும்பாலும் இதுதான்.

விசிறி ஓடுகிறது என்றால் மின்சாரம் இருக்கிறது என்றுதானே நினைப்போம்? இருக்கிறதுதான், ஆனால் போதவில்லை. விசிறிக் காற்றின் பாதையில் ஒரு மெல்லிய தகடு தொங்கும். செயில் ஸ்விட்ச் என்பார்கள். பாய்மரத்தில் பாய் காற்றுக்கு உப்புகிற மாதிரி, விசிறிக் காற்று வேகமாக அடித்தால்தான் அந்தத் தகடு நகர்ந்து, "காற்று சரியாக இருக்கிறது, பற்ற வைக்கலாம்" என்று சொல்லும். பாட்டரி இறங்கிப்போனால் விசிறி சோம்பலாகச் சுற்றும், தகடு நகராது. அது நகராமல் 'டிக் டிக்'கும் வராது, கேஸும் திறக்காது. விசிறி மட்டும் ஓடி ஓடி மிச்சமிருக்கும் பாட்டரியையும் தின்றுவிடும். காற்று போதாமல் கேஸ் எரிந்தால் ஆபத்து என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. குளிரில் நடுங்கும்போது கோபம் வந்தாலும், அந்தத் தகடு நம் காவல்காரன்.

இப்போது அந்தப் போன் கதை. என் அக்கா மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். போன வருஷம் அக்டோபரில் எட்டு மாதக் கைக்குழந்தையோடு கிராண்ட் கான்யனுக்கு வந்தார்கள். தெற்குக் கரையில் மேதர் முகாமில் தங்கினார்கள். காடு அழகாக இருக்கும், ஆனால் டிரெய்லரைச் செருகிக்கொள்ள மின்சார வசதி கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்குப் போன்.

"சித்தி, ஹீட்டர்ல காத்து மட்டும்தான் வருது. குழந்தை கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. எனக்கு பயமா இருக்கு சித்தி." குரல் உடைந்துவிட்டது.

"அழாதே கண்ணு. முதல்ல குழந்தையோட நெஞ்சையும், கழுத்துக்குப் பின்னாடியும் தொட்டுப் பாரு. கை காலைப் பாக்காதே, அது எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும்."

"நெஞ்சு கதகதன்னுதான் இருக்கு."

"பால் குடிச்சாளா? முழிச்சுப் பாக்கறாளா?"

"குடிச்சா. சிரிக்கிறா."

"அப்ப நமக்கு நேரம் இருக்கு. அவளை உன் நெஞ்சோட அணைச்சு மேலே சால்வையைப் போத்திக்கோ. நீ தூங்கிடாதே. போனை ஃபர்னஸ் கிட்ட வை."

வைத்தாள். விசிறி முனகிக்கொண்டிருந்தது, தொண்டை கட்டினவன் பாடுகிற மாதிரி. 'டிக் டிக்' வரவே இல்லை. "அடுப்பைப் பத்த வெச்சுப் பாத்து அணைச்சிடு" என்றேன். நீலமாக எரிந்தது. கேஸ் இருக்கிறது, பாட்டரிதான் இல்லை. முதல் நாள் ராத்திரி முழுக்க ஃபர்னஸ் ஓடியிருக்கிறது, பகலில் விளக்கு, தண்ணீர் பம்ப், இரண்டு போன், பால் சூடாக்குகிற கருவி என்று அதே பாட்டரியில் ஓட்டியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளையைக் காரில் இருந்து ஜம்பர் கேபிள் போடச் சொன்னேன். காரின் பின்பக்கக் குழாய் டிரெய்லரைப் பார்க்காத மாதிரி நிறுத்தி, டிரெய்லர் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று சரிபார்த்து இணைத்து, என்ஜினை ஓட்டினார். போனிலேயே எனக்குக் கேட்டது. விசிறியின் குரல் ஏறியது, 'டிக் டிக் டிக்', 'புஃப்'. என் அக்கா மகள் மறுபடியும் அழுதாள். அரை மணி நேரத்தில் உள்ளே கதகதப்பு வந்ததும் என்ஜினை நிறுத்தி, ஃபர்னஸைத் தவிர எல்லாவற்றையும் அணைத்து, தெர்மோஸ்டாட்டை 60-க்கு இறக்கிவிட்டுப் படுத்தார்கள். மறுநாள் அதே தெற்குக் கரையில் மின்சார வசதி இருக்கிற டிரெய்லர் வில்லேஜ் முகாமில் இடம் கிடைத்து மாறிக்கொண்டார்கள். என்ஜினை ஓட்டியதற்கு அக்கம்பக்கத்தார் முறைத்திருப்பார்கள். முறைக்கட்டும், பச்சைக் குழந்தை.

அவளிடம் இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தேன். குழந்தை துவண்டு போனாலோ, தோல் சில்லென்று செக்கச்செவேலென ஆனாலோ, ஹீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே 911-க்குப் போன் செய்ய வேண்டும். தூங்குகிற குழந்தைமேல் கம்பளியாகக் குவிக்கவும் கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தளர்ந்த போர்வை மூச்சு முட்டும். உடம்போடு ஒட்டிய உடுப்பை அடுக்கடுக்காகப் போடுங்கள். வெந்நீர்ப் பையைப் பக்கத்தில் வைத்துப் படுக்கப்போடுவதும் வேண்டாம், இளம் தோல் வெந்துபோகும்.

பாட்டரிக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் மனசில் நின்றுவிடும். டிரெய்லர் ஃபர்னஸ் விசிறி 7 ஆம்பியர் போல இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த ராத்திரி பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 5 மணி நேரம். ஐயேழு முப்பத்தைந்து. சாதாரண அமில பாட்டரி 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 50. ஆக, ஒரு ராத்திரி தாங்கும். இரண்டாவது ராத்திரி தாங்காது. கடையில் மல்ட்டிமீட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கும், வாங்கி வையுங்கள். எதுவும் ஓடாமல் இருக்கும்போது பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.1 என்றால் பாதிதான். விசிறி ஓடும்போது ஃபர்னஸுக்கு 10.5-க்குக் குறையக் கூடாது.

"நாங்கள் முகாமில் மின்சாரத்தில் செருகித்தானே இருந்தோம்" என்று சிலர் கேட்பீர்கள். செருகியிருந்தாலும் ஃபர்னஸ் விசிறி ஓடுவது 12 வோல்ட்டில்தான். 120 வோல்ட்டை 12 ஆக மாற்றித் தருகிற கன்வர்ட்டர் என்ற பெட்டி பழுதானால், சுவர் ப்ளக்கில் மிக்ஸி ஓடும், பாட்டரி மட்டும் சத்தமில்லாமல் காலியாகிக்கொண்டிருக்கும்.

பாட்டரி நன்றாக இருந்தும், விசிறி கம்பீரமாகச் சுற்றியும் 'டிக் டிக்' வரவில்லையென்றால், அந்தத் தகட்டில் தூசியோ நாய் முடியோ சிக்கியிருக்கலாம். எங்கள் டிரெய்லருக்கு ஒருமுறை இது நடந்தது. பழுது பார்க்கிற கடைக்காரர் (பெயர் வேண்டாம்) தெர்மோஸ்டாட்டை மாற்றி 150 டாலர் வாங்கிக்கொண்டார். குளிர் அப்படியே இருந்தது. இன்னொருவர் வந்து ஃபர்னஸைத் திறந்து, தகட்டில் சுற்றியிருந்த நூலும் பஞ்சும் கலந்த ஒரு சிண்டை எடுத்துக் காட்டினார். டெக்ஸாஸ் சகோதரிக்கு நான் "பொறுங்கள்" என்று சொன்னதற்கு அந்த 150 டாலரும் ஒரு காரணம்.

மூன்றாவது வகைக்கு வருவோம். 'டிக் டிக்' வருகிறது, 'புஃப்' வரவில்லை. கேஸ் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சமையல் அடுப்பைப் பற்ற வையுங்கள். எரியவில்லையென்றால் சிலிண்டர் காலி, அல்லது மூடியிருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நம் ஊர் வழியே போதும். ஈரத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் கேஸ் இருக்கிற மட்டம் வரை ஈரம் தாமதமாகக் காயும். நாள்கணக்கில் சும்மா இருந்த டிரெய்லரில் குழாய்க்குள் காற்று நின்றிருக்கும், அடுப்பு நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு ஃபர்னஸைப் போடுங்கள். சிலிண்டர் வால்வை அவசரமாகத் திருகித் திறந்தால், "எங்கோ குழாய் உடைந்துவிட்டது" என்று நினைத்து உள்ளே இருக்கிற பாதுகாப்புக் குண்டு கேஸை அடைத்துவிடும். மூடி, ஐந்து நிமிஷம் விட்டு, மெதுவாகத் திறக்க வேண்டும். நம் வீட்டு ஆண்களுக்கு இந்த "மெதுவாக" என்ற சொல் மட்டும் காதில் விழாது.

கேஸ் எவ்வளவு நாளைக்கு வரும்? 30,000 பிடியூ ஃபர்னஸ் இடைவிடாமல் எரிந்தால் மூன்று மணி நேரத்தில் ஒரு காலன். 20 பவுண்டு சிலிண்டரில் 4.7 காலன் பிடிக்கும். ஆக 14 மணி நேர எரிப்பு. விட்டு விட்டு எரிவதால் மூன்று ராத்திரி வரும், கடுங்குளிரில் இரண்டுதான்.

இங்கே ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம். நம் ஊர் சமையல் கேஸ்தானே இதுவும்? முழுக்க இல்லை. நம் ஊர் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன், தண்ணீர் உறைகிற குளிரில் ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரைகூட ஆவியாகும். அதனால்தான் குளிர் நாட்டில் அதை நிரப்புகிறார்கள். வாசனை மட்டும் ஒன்றுதான், கசிந்தால் தெரிவதற்காக வேண்டுமென்றே கலக்கிற நாற்றம்.

அந்த நாற்றம் நமக்கு எச்சரிக்கை. பூச்சிகளையும் கவனிக்க வேண்டும். சிலந்தியும், மண்கூடு கட்டுகிற குளவியும் ஃபர்னஸின் வெளிப்புறக் குழாயைத் தேடி வந்து குடியேறும். கோடை முழுக்க நின்ற டிரெய்லரானால் டார்ச் அடித்து அந்தத் துவாரத்தைப் பாருங்கள். கூடு கட்டாமல் இருக்கக் கம்பி வலை விற்கிறார்கள். ஆனால் எல்லா ஃபர்னஸுக்கும் அது ஒத்துக்கொள்ளாது, கூட வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். பனி பெய்தால் அதே துவாரத்தைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பற்றிக்கொண்டு ஐந்தாறு விநாடியில் அணைந்தால், நெருப்பைக் கண்டுகொள்கிற முனையில் கரி படிந்திருக்கலாம், அல்லது ரெகுலேட்டர் தளர்ந்திருக்கலாம். அடுப்பை எரியவிட்டு ஃபர்னஸைப் போட்டு, அடுப்புத் தீ சுருங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கினால் ரெகுலேட்டர்தான். இரண்டையும் தெரிந்தவர்தான் தொட வேண்டும்.

சூடு வருகிறது, ஆனால் போட்ட ஐந்தாம் நிமிஷம் அணைந்து அணைந்து எரிகிறது என்றால் பெட்டிக்குள் சூடு தேங்கி, பாதுகாப்பு ஸ்விட்ச் அணைக்கிறது. இதற்கு என் மாமியாரைத்தான் நினைத்துக்கொள்வேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். அறைக் காற்றை ஃபர்னஸ் உள்ளே இழுக்கிற கம்பிக் கதவு தரையோரமாக இருக்கும். "இந்த மூலை சும்மாத்தானே கெடக்குது" என்று அங்கே அரிசிப் பை, வெங்காயக் கூடை, மேலே மடித்த ஜமக்காளம். ஃபர்னஸுக்கு மூச்சு முட்டிவிட்டது. கூடையை நகர்த்தினதும் சரியாகிவிட்டது. "வெங்காயத்துக்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஊருக்குப் போகும்வரை அத்தை நம்பவே இல்லை. சூட்டுத் துவாரங்களையும் "அந்த அறை எதற்கு" என்று ஒவ்வொன்றாக அடைக்காதீர்கள். அதுவும் அதே கதைதான்.

கடைசியாகத் தெர்மோஸ்டாட். அது கெடுவதே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கெடுவதைவிட ஏமாறுவதுதான் அதிகம். தன்னைச் சுற்றியிருக்கிற காற்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அடுப்புக்கு அருகில் இருந்தால் தோசை வார்க்கும்போது "வெயில் வந்துவிட்டது" என்று ஃபர்னஸை அணைத்துவிடும், பின்னால் படுக்கையறையில் குழந்தை நடுங்கும். வாசற்படியோரம் இருந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஃபர்னஸை விரட்டும். அதன் பின்னால் ஒயர் வருகிற ஓட்டை வழியாகச் சுவருக்குள் இருக்கிற குளிர்காற்று வந்தால், அறை புழுங்கினாலும் அது குளிர் என்றே சொல்லும். அந்த ஓட்டையில் கொஞ்சம் பட்டி வைத்து அடையுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, இரண்டும் எத்தனை டிகிரி வித்தியாசம் காட்டுகின்றன என்று ஒருநாள் பார்த்து வையுங்கள். எண் காட்டுகிற வகையில் பென்சில் பாட்டரி இருந்தால், குளிர்காலம் தொடங்கும்போது மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டேதான் குற்றவாளியா என்று தீர்மானிக்க ஒரு பரீட்சை உண்டு. இரண்டே ஒயர் வருகிற பழைய மாதிரிக்கு மட்டும்தான் இது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, அந்த இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து, மறுபடி மின்சாரத்தைப் போட வேண்டும். ஃபர்னஸ் கிளம்பினால் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது, தயங்காமல் மாற்றலாம். கிளம்பாவிட்டால் அதன்மேல் பழி போடாதீர்கள். நாலைந்து ஒயர் இருக்கிற வகையில் இந்த விளையாட்டு வேண்டாம், மின்பலகை எரிந்துவிடும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. கேஸ் மிச்சம் பிடிக்கலாம் என்று சின்ன மின்சார ஹீட்டரை நடு அறையில் வைப்போம். தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டைப் பார்த்து ஃபர்னஸை எழுப்பவே எழுப்பாது. நமக்குச் சுகம்தான். ஆனால் பல டிரெய்லர்களில் தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்க் குழாயையும் தொட்டியையும் காப்பாற்றுவது ஃபர்னஸின் சூட்டுக் காற்றுதான். காலையில் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வராது. உறைகிற குளிரில் ஃபர்னஸும் நடுநடுவே ஓடட்டும். மின்சார ஹீட்டர் 1500 வாட் இழுக்கும், எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டாமல் நேராகச் சுவரில் செருகுங்கள்.

இனி சொல்லப்போவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஃபர்னஸ் வேலை செய்யவில்லை என்பதற்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். கரி அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். ஃபர்னஸ் தன் புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். அடுப்புக்கு அந்த வழி இல்லை. மூடிய சின்ன அறையில் அது கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவைச் சேர்க்கும். அதற்கு நிறமில்லை, நாற்றமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்று ஃப்ளூ மாதிரியே வரும், ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்து, வெளியே போனால் தெளிந்தால் சந்தேகமே வேண்டாம். தூங்குகிறவர்களுக்கு இதுவும் தெரியாது, எழுந்திருக்கவே மாட்டார்கள். நம் ஊரில் காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கெய்சர் போட்டுக் குளிக்கப்போய் உயிர் போனதாகப் பேப்பரில் படிக்கிறோமே, அதே வாயுதான்.

கேஸ் நாற்றம் அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், குழந்தைகளோடு வெளியே வந்து, சிலிண்டரை மூடுங்கள். மூட்டுகளில் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் தடவிப் பார்த்தால் கசிவு கொப்புளிக்கும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து பெட்டியைப் பிடுங்கி வையுங்கள். ஃபர்னஸின் வெளிக்குழாயைச் சுற்றிக் கறுப்பாகப் புகைக்கரி படிந்திருந்தால், ஆள் வந்து பார்க்கும்வரை அதைப் போடவே போடாதீர்கள். ஃபர்னஸ் பழுதான ராத்திரியில், அருகில் விடுதி இருந்தால் அங்கே போய்விடுவதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

டிரெய்லரில் இரண்டு அலாரம் இருக்கும். தரையோரமாக இருப்பது கேஸ் கசிவுக்கு, புரொப்பேன் காற்றைவிடக் கனமானதால் கீழேதான் தங்கும். விஷவாயுவுக்கான அலாரம் தனியாகவும் இருக்கும், சிலவற்றில் இரண்டும் ஒரே பெட்டி. பட்டனை அழுத்தினால் கத்துகிறது என்பதால் மட்டும் அது நல்லது என்று ஆகாது. உள்ளே இருக்கிற உணர்கருவிக்கு வயது உண்டு, பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வருஷம். டெக்ஸாஸ் சகோதரி வாங்கியிருப்பது பழைய டிரெய்லர். பாட்டரியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த அலாரத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், முதுகில் தயாரித்த தேதி அச்சடித்திருக்கும்.